பழக்கம் என்னும் துணை விமானி

மாரிகாலத்தில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டால் வவுணதீவுப் பகுதியின் தாழ்ந்த வீதிகள் நீருக்குள் மறைந்துபோவது அவ்வூரவர் நன்கறிந்த செய்தி. அவ்வேளையில் நீரின் ஓரத்தில் வந்து நிற்கும் இருவரை எண்ணிப் பார்க்கலாம். ஒருவன் அவ்வழிக்குப் புதியவன். அவன் இறங்கான், கரையில் நிற்பவரைக் கேட்பான், கம்பொன்றை ஊன்றி ஆழம் பார்ப்பான். மற்றவன் இருபது ஆண்டுகளாக அதே வீதியால் வட்டைக்குப் போய் வருபவன். நீரின் கீழே வீதி எவ்விடத்தில் வளைகிறது, மதகு எவ்விடத்தில் கிடக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். உழவு இயந்திரத்தை நிறுத்தாமலே இறக்குவான். பெரும்பாலும் அக்கரை சேர்ந்தும் விடுவான். முதல்நாள் இரவு வெள்ளம் மதகை அரித்துச் சென்றிருந்தால் மட்டும் சேரான். நீருக்குள் அவன் கண்டது இன்றைய வீதியை அன்று, நேற்றைய வீதியை.

அவ்வூரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து நகர்ப்பக்கம் வந்தால் திமிலைதீவில் மட்டக்களப்பு விமான நிலையம் இருக்கிறது. வயலில் நிற்பவன் அண்ணாந்து பார்க்கும் விமானத்துக்கும் அவன் ஓட்டும் உழவு இயந்திரத்துக்கும் ஒப்புமை உண்டெனக் கூறினால் படித்தவர்கள் நகைப்பர். விமானி அறை விதிகளாலும் கருவிகளாலும் ஆளப்படும் இடம். அங்கு சாரதியின் பழக்கதோஷத்துக்கு இடமேயில்லை என்பது அவர்களது நம்பிக்கை. விபத்தொன்று நிகழ்ந்துவிட்டால் அதே நம்பிக்கை இரு வாய்பாடுகளாக வெளிப்படுகிறது. ஒன்று, ‘விதி’ என்பது. மற்றது, ‘விமானியின் தவறு’ என்பது. முன்னையதைக் கோயில் வாசலிலும் பின்னையதைப் பத்திரிகைகளிலும் கேட்கலாம். இரண்டும் ஆராய்ச்சியை முடித்துவைக்கும் சொற்களேயன்றித் தொடக்கி வைக்கும் சொற்கள் அல்ல.

விமானி அறையில் மிக ஆபத்தானவன் அறியாதவன் அல்லன். அறியாதவனுக்குத் தன் அறியாமை தெரியும்; எனவே அவன் பார்ப்பான், கேட்பான். நன்கு அறிந்தவற்றைக் கையின் பழக்கத்திடம் ஒப்படைத்துவிட்டு, கண் காணவேண்டியதை மனத்தின் எதிர்பார்ப்பைக் கொண்டு காண்பவனே ஆபத்தானவன். அவனைத்தான் உலகம் ‘அனுபவசாலி’ என்று போற்றுகின்றது.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த மிகப் பெரிய விமான விபத்தே போதுமானது. 1974 டிசம்பர் 4 ஆம் திகதி, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட மார்ட்டின்எயார் என்னும் ஒல்லாந்து நிறுவனத்தின் டி.சி. 8 விமானம், கட்டுநாயக்காவில் இறங்குவதற்காகக் கிழக்குக் கடலைக் கடந்து தீவினுள் புகுந்தது. இரவு நேரம். படிப்படியாக உயரத்தைக் குறைக்க அனுமதி கிடைத்தது. விமான நிலையத்துக்கு 14 மைல் தூரத்தில் விமானம் இருப்பதாகக் கருதப்பட்ட வேளையில் 2000 அடிக்கு இறங்கலாம் என்றும், ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்ததும் அறிவிக்கவேண்டும் என்றும் தரையிலிருந்து கூறப்பட்டது. உண்மையில் விமானம் அப்போது மலைநாட்டின் மேலே இருந்தது. கட்டுநாயக்காவுக்கு ஏறத்தாழ 40 கடல்மைல் கிழக்கே, மஸ்கெலியாவை அண்டிய சப்த கன்னியர் மலையில், ஏறத்தாழ 4355 அடி உயரத்தில் அது மோதியது. 182 யாத்திரிகரும் 9 பணியாளரும் மாண்டனர். ஒருவரும் தப்பவில்லை.

விசாரணையாளர் கண்ட காரணம் கருத்தூன்றி நோக்கத்தக்கது. விமான நிலையம் சார்ந்து தாம் எங்கே இருக்கின்றோம் என்பதை விமானிகள் பிழையாக இனங்கண்டனர். விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை றேடாரையும் சார்ந்திருந்தமை பிழையான விளக்கத்துக்கு இடமளித்தது என்பதே அது. கருவி பொய் சொல்லிற்று என்று கூறப்படவில்லை. கருவி காட்டியதற்குப் பொருள் கொள்வதில் இடறல் நேர்ந்தது என்றே கூறப்பட்டது. திரையில் தெரியும் ஒளிக்கோலம் ஊமை. அதற்குப் பேச்சைக் கொடுப்பது பார்ப்பவனின் மனம். நீண்ட கடற்பயணத்தின் முடிவில், கரை வந்துவிட்டது, இனி இறங்கவேண்டியதுதான் என்று ஆயத்தமான மனம் அதற்கு எத்தகைய பேச்சைக் கொடுக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இருளில் மலையும் இல்லை, சமவெளியும் இல்லை. எதிர்பார்ப்பு ஒன்றே உண்டு. தரையிலிருந்தவருக்கும் வானிலிருந்தவருக்கும் அது பொதுவாகிவிட்டபோது அதனை மறுத்துரைக்க எவரும் எஞ்சவில்லை.

நான்கு ஆண்டுகள் நிறையுமுன் அதே வகை விமானம், அதே நாட்டு யாத்திரிகருடன், மறுதிசையில் ஜித்தாவிலிருந்து திரும்பி வந்தது. 1978 நவம்பர் 15 ஆம் திகதி இரவு, லொஃப்ட்லெய்டிர் என்னும் ஐசுலாந்து நிறுவனத்தின் டி.சி. 8 கட்டுநாயக்கா ஓடுபாதையை எட்டுமுன்னரே தென்னந்தோட்டமொன்றில் வீழ்ந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தனர். வகுக்கப்பட்ட இறங்கு ஒழுங்குகளை விமானிகள் பின்பற்றவில்லை, உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் கிடைத்த கருவிகளையெல்லாம் கொண்டு சரிபார்க்கவில்லை, ஓட்டாத விமானி உரத்துச் சொல்லவேண்டிய உயரங்களைச் சொல்லவில்லை என்று இலங்கை விசாரணை முடிவு கூறியது. ஐசுலாந்துத் தரப்பு இதனை ஏற்கவில்லை. தரையிலிருந்த வழிகாட்டுக் கருவித்தொகுதி பழுதானது, அதன் பராமரிப்புப் போதாது, கட்டுப்பாட்டாளர் தந்த தகவல் பிழையானது என்று அது வாதிட்டது.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் வேலையன்று. ஆயினும் ஒன்றை வற்புறுத்திக் கூறவேண்டும். ஐசுலாந்தார் கூறியது முழுவதும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் உரத்துச் சொல்லப்படாத உயரங்கள் சொல்லப்பட்டவை ஆகிவிடா. தரையிலுள்ள கருவி ஒருநாள் பொய் சொல்லக்கூடும் என்பதற்காகவே ‘ஆயிரம் அடி’, ‘ஐந்நூறு அடி’ என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்ற ஒழுங்கு ஏற்பட்டது. நூறு இரவுகள் அது வீணான சடங்காகவே தோன்றும். ஏனெனில் நூறு இரவுகளிலும் ஓடுபாதை அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். நூற்றோராவது இரவுக்காக அந்த நூறு சடங்குகளையும் செய்யவேண்டியிருக்கின்றது. பழக்கத்துக்கு இக்கணக்கு ஒருபோதும் விளங்குவதில்லை.

‘அதற்குத்தானே சரிபார்ப்புப் பட்டியல் இருக்கின்றது’ என்பர் சிலர். உண்மை, அப்பட்டியலின் பிறப்பே அனுபவசாலிகளின் மறதியால் நிகழ்ந்தது. 1935 ஒக்டோபர் 30 ஆம் திகதி அமெரிக்காவின் ரைட் விமானத்தளத்தில் போயிங் 299 என்னும் புதிய குண்டுவீச்சு விமானம் எழுந்த சற்றைக்கெல்லாம் வீழ்ந்து எரிந்தது. தரையில் நிற்கும்போது காற்றுக்கு அசையாதபடி வால்பகுதிச் சுக்கான்களைப் பூட்டிவைக்கும் பூட்டு திறக்கப்படவில்லை. ஓட்டியவர் கற்றுக்குட்டி அல்லர், தேர்ந்த பரிசோதனை விமானி. இதன் பின்னரே செய்யவேண்டியவற்றை எழுதிவைத்து வாசிக்கும் வழக்கம் வேரூன்றியது.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழிந்தன. 2014 மே 31 ஆம் திகதி அமெரிக்காவின் பெட்ஃபோர்ட் விமான நிலையத்தில் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் விமானமொன்று, அதே வகைப் பூட்டு திறக்கப்படாத நிலையில் ஓடுபாதையில் விரைந்து, எழ இயலாமல் ஓடுபாதைக்கு அப்பால் சென்று எரிந்தது. எழுவரும் இறந்தனர். பட்டியல் இருந்தது. விமானிகள் இருவரும் பல ஆண்டுகள் சேர்ந்து பறந்தவர்கள். விமானத்தின் பதிவுக் கருவியை ஆராய்ந்தபோது, அதற்கு முந்திய 175 புறப்பாடுகளில் நூற்றுக்கு 98 இல் சுக்கான்களின் முழுமையான சோதனை செய்யப்படவில்லை எனத் தெரியவந்தது.

இந்த நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்னும் எண் பெரும் நூல்களைவிடப் பாடம் புகட்டக்கூடியது. இதனைச் சோம்பல் என்றோ ஒழுக்கக்கேடு என்றோ கூறித் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அவ்விமானிகளின் நிலையிலிருந்து நோக்கின், ஒவ்வொரு முறையும் சோதனையைத் தவிர்த்தார்கள், ஒவ்வொரு முறையும் பத்திரமாக இறங்கினார்கள். தவிர்த்தல் தவறன்று என்பதற்கு அவர்களிடம் நூற்றுக்கும் மேற்பட்ட ‘ஆதாரங்கள்’ இருந்தன! பழக்கம் தவறுகளை உண்டாக்குவதைவிடக் கொடிய செயலொன்றைச் செய்கின்றது. தண்டிக்கப்படாத தவறுகளை அனுபவம் என்ற பெயரில் சேமித்து வைக்கின்றது.

பட்டியலை வாசித்தாலும் விமோசனம் இல்லை என்பதற்கு வேறு சான்றுகள் உண்டு. 1982 ஜனவரி 13 ஆம் திகதி வாஷிங்டனில் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, வெப்பமான புளோரிடாவைத் தளமாகக் கொண்ட எயார் புளோரிடாவின் போயிங் 737 புறப்பட ஆயத்தமானது. பனிநீக்கும் கருவி பற்றிய கேள்வி பட்டியலில் வந்தது. ‘மூடப்பட்டுள்ளது’ என்ற விடையும் வந்தது. வெயில் நாட்டில் ஆயிரம் முறை சொன்ன சரியான விடை அது. அன்று சாளரத்துக்கு வெளியே பனி. பனியடைத்த கருவி இயந்திரத்தின் வலுவை மிகைப்படுத்திக் காட்ட, போதிய வலுவின்றி எழுந்த விமானம் பொட்டோமக் ஆற்றுப் பாலத்தில் மோதியது. தரையிலிருந்தவர் உட்பட 78 பேர் இறந்தனர். 2008 ஓகஸ்ட் 20 ஆம் திகதி மட்ரிட் நகரில், சிறகின் மடல்களை இறக்காமலே ஸ்பான்எயார் விமானம் புறப்பட்டு 154 பேரைப் பலிகொண்டது. புறப்படுமுன் இறுதிச் சோதனையில் மடல்களின் நிலையைத் துணை விமானி எண்ணாகவே கூறியிருக்கின்றார். கருவி காட்டிய எண்ணை அன்று, காட்டியிருக்கவேண்டிய எண்ணை.

நாசா நிறுவனத்துக்காக 1990 இல் இப்பட்டியல்களை ஆராய்ந்த டெகானி, வீனர் என்னும் இருவர், திரும்பத் திரும்ப வாசிப்பதால் பட்டியல் தானாக ஓடும் செயலாகிவிடுகின்றது, விடைகள் கருவியிலிருந்தன்றி நினைவிலிருந்து வருகின்றன, விமானி தான் காண எதிர்பார்ப்பதையே காண்கின்றான் என்று எடுத்துக்காட்டினர். கேள்வி கேட்பவனுக்கு விடை முன்னரே தெரிந்திருக்குமானால் அது கேள்வியன்று, தேவாரத்தின் முதலடியை ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் தொடர்வது போன்றது.

இவ்விடத்தில் பல்கலைக்கழகத்தார் விமானிகளை நோக்கிப் புன்னகைப்பதற்கு முன் தம் பரீட்சை மண்டபங்களைச் சற்று நினைத்துப் பார்ப்பது நன்று. கடந்த ஐந்து ஆண்டு வினாத்தாள்களை அடுக்கிவைத்து இவ்வாண்டு வரப்போகும் வினாவை ஊகித்து, ஊகித்த வினாவுக்கு விடையை உருப்போட்டு, வந்த வினாவை வாசியாமலே எழுதிவிட்டு வெளியே வரும் மாணவன் யார்? பழுப்பேறிய குறிப்புகளை அவ்வாண்டும் ஒரு சொல் மாறாமல் படித்துச் செல்லும் விரிவுரையாளர் யார்? வகுப்பறையில் விழும் விமானங்கள் தீப்பற்றுவதில்லை. அதனால் விசாரணைக் குழுக்களும் அமைவதில்லை.

இயந்திரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பாரும் உளர். 2005 ஓகஸ்ட் 14 ஆம் திகதி சைப்பிரஸ் நாட்டின் ஹீலியோஸ் விமானம் ஏறிக்கொண்டிருந்தபோது, உள்ளே காற்றழுத்தம் குறைவதை எச்சரிக்கும் ஒலி முறையாகவே எழுந்தது. அதே ஒலி, தரையில் புறப்பாட்டு ஒழுங்கு சரியில்லை என்பதை எச்சரிப்பதற்கும் பயன்பட்டு வந்தது. விமானிகளின் காது பழகியிருந்தது பின்னையதற்கு. அவ்வாறே அதனைப் பொருள்கொண்டனர், பின் நினைவிழந்தனர். 121 பேர் மாண்டனர். அழுத்தத்தை ஆளும் திருகி பிழையான நிலையில் இருந்ததை அதற்குமுன் மூன்று சோதனைகளில் கண்டிருக்கலாம். மூன்றிலும் காணவில்லை. எச்சரிக்கை மணியை அடிக்க இயந்திரத்தால் முடியும். அம்மணிக்குப் புதிய காதைக் கொடுக்க அதனால் முடியாது.

எனின் பழக்கத்தை உடைப்பது எது? பக்கத்தில் அமர்ந்திருக்கும் இன்னொரு மனிதனின் ஐயம் ஒன்றே. அதனாலேயே விமானி அறையில் இருவர் இருக்கின்றனர். ஆனால் அந்த இரண்டாமவனின் வாயைக் கட்டிவைப்பதற்கு மரியாதை என்றொரு கயிறு இருக்கின்றது. மட்டக்களப்புத் தமிழருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. போடியார் வரம்பில் நின்று ‘இன்றைக்கு விதைப்பு’ என்று கூறிவிட்டால், மழை வரும் என்று முழங்காலின் வலியாலேயே அறிந்த முல்லைக்காரனும் தலையைச் சொறிந்துகொண்டு விதைப்பெட்டியை எடுப்பான். நெல் அழுகினால் அது மழையின் குற்றம்.

1977 மார்ச் 27 ஆம் திகதி தெனெரிஃப் தீவில் இரு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தனர். விமான வரலாற்றில் இதனினும் பெரிய விபத்து இல்லை. கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி அந்நிறுவனத்தில் அவ்வகை விமானத்துக்குப் பயிற்சி அளிப்போருள் தலையாயவர். நிறுவனத்தின் விளம்பரங்களில் முகம் காட்டியவர். பல ஆண்டுகளாகப் பயிற்சிக் கூண்டிலேயே பெரும்பொழுதைக் கழித்தவர். பயிற்சிக் கூண்டில் புறப்பட அனுமதி தருபவரும் பயிற்றுநரே. அங்கே எவரும் அனுமதிக்காகக் காத்திருப்பதில்லை. அன்று மூடுபனியில், அனுமதி கிடைக்குமுன் அவர் வலுவைக் கூட்ட முற்பட்டபோது துணை விமானி தடுத்துரைத்தார். அவரும் நிறுத்தினார். பின்னர் எழுந்தபின் செல்லவேண்டிய வழி பற்றிய அறிவித்தல் வந்தது. அதில் ‘புறப்பாடு’ என்ற சொல் இருந்தது; புறப்பட அனுமதி இருக்கவில்லை. காத்துக் களைத்த காதுக்கு அச்சொல்லே அனுமதியாயிற்று. இம்முறை துணை விமானி தடுக்கவில்லை. ஒரே பெரியவரை ஒரே நாளில் இருமுறை திருத்துவது எவ்வளவு கடினம் என்பதை உணராதார் தமிழருள் எவருமிலர். ஓடத் தொடங்கியபின் பொறியியலாளர் மட்டும், மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று வினவினார். விலகிவிட்டது என்று உறுதியாக விடை வந்தது. அவ்வளவே.

இவ்விபத்தின் பின் வந்த திருத்தங்களில் ஒன்று சொல்லைப் பற்றியது. புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அவ்வனுமதியை இரத்துச்செய்யும்போதுமன்றி வேறெப்போதும் அனுமதிக்குரிய அச்சொல்லைத் தரையிலிருந்து பயன்படுத்தலாகாது. ஏனைய இடங்களில் வேறு சொல் வரவேண்டும் என்பது. எதிர்பார்ப்பு எந்தச் சொல்லைக் கவ்விக்கொள்ளுமோ அச்சொல்லையே ஒளித்துவைத்தனர். இது நல்லறிவு. மற்றொன்று, 1979 இல் நாசா கூட்டிய பட்டறையிலிருந்து வளர்ந்த பயிற்சி: இளையவன் ஐயத்தை வெளியிடவும் மூத்தவன் அதனைச் செவிமடுக்கவும் பழக்குவது. ஜப்பானிய ரயில் சாரதிகள் ஒவ்வொரு சமிக்ஞையையும் விரலால் சுட்டி வாயால் சொல்லிச் செல்வதும் இவ்வகையினதே. பார்ப்பவருக்கு அது வேடிக்கை. ஆனால் சுட்டும் விரல் கண்ணை இழுத்துச் செல்கின்றது. கண் உண்மையான விளக்கில் சென்று பதிகின்றது.

இவையெல்லாம் காலத்துக்குக் காலம் நூல்களில் எழுதப்பட்டன. பயிற்சி வகுப்புகளில் ஓதப்பட்டன. ஓதப்பட்டவை என்னவாகின்றன என்பதே கேள்வி. 2010 மே 22 ஆம் திகதி காலை துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில், பயணத்தின் பெரும்பகுதியை உறங்கிக் கழித்த தலைமை விமானி விழித்தபின் இறக்க முயன்றார். உயரம் மிகுதியாக இருந்தது. மலையுச்சியை வெட்டிச் சமமாக்கிய ஓடுபாதை அது. பிழைத்தால் முடிவில் பள்ளம். கருவி எச்சரித்தது. இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலெழும்படி துணை விமானி மூன்று முறை கூறினார். தலைமை விமானி இறங்கினார். 158 பேர் இறந்தனர், எண்மர் தப்பினர். துணை விமானி தாமே கட்டுப்பாட்டை எடுத்து விமானத்தை மேலே செலுத்தியிருக்கலாமே என்ற கேள்வியை விசாரணை நீதிமன்றமும் எழுப்பிக்கொண்டது. அவ்வாறு செய்யத் துணை விமானிக்கு அதிகாரம் உண்டா என்பது பற்றிய அறிவுறுத்தல்கள் தெளிவற்றிருந்தமையால், அவர் சொல்லிக்கொண்டிருந்தாரேயன்றி எடுக்கவில்லை போலும் என்று அது பதிவு செய்தது.